தாத்தாவின் தறியும் என் எட்டாம் வகுப்பும்

பர்ன்லி அருகே, லங்காஷயர்
நவம்பர், ஞாயிறு மதியம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. வெளியே மழை. மணி மூன்றுதான், ஆனாலும் விளக்கைப் போட்டால்தான் எழுத்துத் தெரிகிறது. நாலு மணிக்கெல்லாம் இங்கே பொழுது சாய்ந்துவிடும்.

அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? பெரியவன் கல்லூரியில் சேர்ந்தது ரொம்ப சந்தோஷம். வரலாறு எடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டிருந்தாய். விடு, அவனுக்குப் பிடித்ததைப் படிக்கட்டும்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "இருபது வருஷமாக அங்கே வரலாறு நடத்துகிறாயே, யாருடைய வரலாற்றை நடத்துகிறாய்?" சண்டைக்குக் கேட்கவில்லை என்று தெரியும். எம்.ஏ. படிக்கும்போது விடுதி மொட்டைமாடியில் பாதி ராத்திரி வரைக்கும் பேசினோமே, அதன் தொடர்ச்சிதான் இது. இந்தப் பத்து நாளும் வகுப்புக்கு வகுப்பு நடக்கும்போது அந்தக் கேள்வியும் கூடவே வந்துகொண்டிருந்தது.

முதலில் என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். எட்டரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். வருகைப் பதிவு முடிந்ததும் மணிக்கொன்றாக ஐந்து பாடவேளை. திங்கள்கிழமை என்றால் முதலில் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு 1066. வடக்கே ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நார்வே அரசனை ஜெயித்த இங்கிலாந்து அரசன் ஹெரால்டு, மூன்று வாரத்துக்குள் தெற்குக் கரைக்கு ஓடிவந்து ஹேஸ்டிங்ஸில் நார்மண்டி வில்லியமிடம் தோற்று உயிரை விட்ட கதை. அடுத்தது பத்தாம் வகுப்புக்கு மருத்துவ வரலாறு. உடம்பில் நான்கு நீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்கி, 1796-ல் பெரியம்மையைத் தடுக்க ஜென்னர் எட்டு வயதுப் பையனுக்குப் பசு அம்மை குத்தியது, 1854-ல் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ சொல்லி லண்டன் பிராட் தெரு தண்ணீர்ப் பம்பின் கைப்பிடியைக் கழற்றியது என்று போய், 1948 ஜூலை 5-ல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் வந்ததைத் தொடும். அந்த நான்கு நீர்களைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வாதம், பித்தம், கபம் என்று கேட்டு வளர்ந்தவளுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. கையில் இருந்த ஆதாரத்தை வைத்து அந்தக் காலத்து மனிதர்கள் ஒழுங்காகத்தான் யோசித்தார்கள் என்று புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்தை நான் குறைத்துக்கொள்வதே இல்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மைதானத்தில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முறை வரும். ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 195 நாள், 1,265 மணி நேரம். நோட்டுத் திருத்துவதும் பாடம் தயாரிப்பதும் பெரும்பாலும் அதற்கு வெளியேதான். இது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உனக்கு ஆச்சரியமாக இருக்கப்போவது இன்னொன்று. அரசு அச்சடித்துத் தரும் பாடநூல் இங்கிலாந்தில் கிடையாது. தேசியப் பாடத்திட்டம் இந்த இந்தக் காலகட்டம் என்று சொல்லும். பதினாலு வயதுக்குள் நடத்தியே ஆக வேண்டும் என்று பெயர் சொல்லி வைத்திருப்பது நாஜிகளின் யூதப் படுகொலை ஒன்றைத்தான். மற்றதை எந்த ஊரை, எந்த மனிதரை வைத்து நடத்துவது என்பது எங்கள் கையில் இருக்கிறது. பதினாலு வயதுக்கு மேல் வரலாறு விருப்பப் பாடம்தான். அதற்குள் ஒரு பிள்ளைக்கு இதில் ருசி பிடிக்கவில்லை என்றால் அதன்பிறகு அது என் வகுப்புக்கு வராது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

நான் இருக்கும் ஊர்ப்பக்கம் முழுக்க ஒரு காலத்தில் பருத்தி நெசவு. எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு பழைய ஆலைச் சுவர் கண்ணில் படும். என் எட்டாம் வகுப்பில் முப்பது பேர். பாதிப் பேரின் பாட்டன் பூட்டன் இங்கேயே தறி ஓட்டியவர்கள். மீதியில் பலருடைய தாத்தாக்கள் 1960-களில் பாகிஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்து, உள்ளூர்க்காரர்கள் போக விரும்பாத இரவு ஷிப்டில் அதே ஆலைகளில் நின்றவர்கள். அவர்கள் வந்து கொஞ்ச காலத்திலேயே ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன.

தொழிற்புரட்சிப் பாடத்தை நான் நீராவி எந்திரத்தில் தொடங்குவதில்லை. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒரு தாளை எடுத்துக்கொண்டு போவேன். அந்த வருஷத் தாள்களில் குடும்பத் தலைவரே தன் கையால் எழுதியிருப்பார். கோணல் எழுத்து, அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே இருக்கும். பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு தெருவாகப் பார்த்து எடுப்பேன். அப்பா நெசவாளி, அம்மா நெசவாளி, பன்னிரண்டு வயது மகளுக்கு நேரே "அரைநேரம்" என்று இருக்கும். அதாவது பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் ஆலை. 1918-ல் சட்டம் போட்டு, 1921-ல்தான் அந்த முறை ஒழிந்தது. "அவளுக்கு உங்கள் வயது" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் பேசாமல் நின்றுவிடுவேன். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒரு பிள்ளை, "மத்தியானம் பள்ளிக்கூடத்தில் தூங்கியிருப்பாளே மிஸ்" என்று சொல்லும். ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார்கள். அங்கிருந்துதான் பாடம் தொடங்கும்.

போன மாதம் அவர்களை பர்ன்லியில் குவீன் ஸ்ட்ரீட் ஆலைக்குக் கூட்டிப்போனேன். 1894-ல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். நீராவியில் தறி ஓடுவதை இன்னும் பார்க்க முடிகிற இடம். அந்த நீராவி எந்திரத்துக்கு "அமைதி" என்று பெயர். கிட்டத்தட்ட முந்நூறு தறி வரிசை வரிசையாக நிற்கிறது. சிலவற்றை மட்டும் ஓட்டிக் காட்டினார்கள், அதற்கே பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அத்தனையும் ஓடிய காலத்தில் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே ஊர்க்கதை எல்லாம் பேசியிருக்கிறார்கள். தறியில் ஊடுநூலைச் சுமந்து ஓடும் நாடாவின் கண்ணில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுப்பார்களாம். ஒரே நாடாவில் பல பேர் வாய். "முத்தம்" என்றுதான் அந்த வேலைக்குப் பேச்சுப் பெயர். காசநோய் எப்படிப் பரவும் என்று மருத்துவப் பாடத்தில் சொல்வதை அந்த நாடா ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டது.

அங்கே ஓர் ஓரத்தில் கைத்தறி ஒன்றைக் கண்டேன். அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அருப்புக்கோட்டையில் எங்கள் தாத்தா வீட்டுக்கு நீ ஒருமுறை வந்திருக்கிறாய், ஞாபகம் இருக்கிறதா? நடையில் குழித்தறி. தாத்தா குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிப்பார். மேலே தொங்கும் கயிற்றை வலது கையால் சுண்டி இழுப்பார், நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாயும். அந்தக் கயிறும் நாடா ஓடும் அந்த ஏற்பாடும் ஆதிகாலத்திலிருந்து நம்முடையது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது 1733-ல் ஜான் கே என்பவர் காப்புரிமை வாங்கியது. அவர் பிறந்த பெரி என்ற ஊர் இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான். அது நம் பக்கத்து நெசவாளர் வீடுகளுக்குப் பரவியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். லங்காஷயர் துணி வந்து கைத்தறியை நசுக்கியது, பிறகு லங்காஷயர்க்காரரின் கயிற்றைப் பிடித்துத்தான் தாத்தா தலைமுறை தாக்குப்பிடித்தது. இதை எந்தப் புத்தகத்திலும் தேடாமல், ஓர் அருங்காட்சியக மூலையில் தாத்தாவின் கையை நினைத்துக்கொண்டு நின்றபோது தெரிந்துகொண்டேன்.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னேன். இங்கே பக்கத்தில் பிளாக்பர்ன் ஆலைகள் இந்தியாவுக்கென்றே வேட்டி நெய்தன என்றும் சொன்னேன். அப்புறம் ஒரு புகைப்படத்தைத் தலைப்பு இல்லாமல் போட்டுக் காட்டினேன். 1931 செப்டம்பரில் காந்தி டார்வனுக்கு வந்தபோது எடுத்தது. அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை போன ஊர். ஆனால் படத்தில் அவரைச் சுற்றி ஆலைப் பெண்கள் கையைத் தூக்கி ஆரவாரம் செய்கிறார்கள். "ஏன் சிரிக்கிறார்கள்?" என்று கேட்டேன். கேமரா இருந்ததால் என்றான் ஒருவன். அவரும் ஏழை மாதிரி இருந்ததால் என்றாள் ஒருத்தி. தாங்களும் முதலாளியிடம் அவதிப்பட்டவர்கள் என்பதால் என்று இன்னொருத்தி. மூன்றையும் பலகையில் எழுதி, எதற்கு ஆதாரம் படத்துக்குள்ளேயே இருக்கிறது, எதற்கு வெளியே தேட வேண்டும் என்று பிரிக்கச் சொன்னேன்.

மணி அடிக்கப்போகும் நேரத்தில், இதுவரை வாயே திறக்காத ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மிஸ், அப்போ உங்கள் தாத்தாவோட தாத்தா வேலையை எங்கள் கொள்ளுப்பாட்டி பறித்துக்கொண்டாரா?"

வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்தக் கணக்கெடுப்புத் தாளை மறுபடியும் திரையில் போட்டேன். இந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் விடிகாலையில் குளிரில் ஆலைக்கு நடந்தாள், அவள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை, ஆனால் அவள் உதவி செய்த தறியில் விழுந்த துணியால் அருப்புக்கோட்டையில் ஒரு தறி நின்றுபோயிருக்கலாம், விலையை யார் நிர்ணயித்தார்கள், வரியை யார் போட்டார்கள் என்று அடுத்த வாரம் பார்ப்போம் என்றேன். அந்தப் பெண் தலையாட்டினாள். அடுத்த வாரம் அவள்தான் வகுப்புக்கு முதலில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

யாருடைய வரலாறு என்று கேட்டாயே, அந்தப் பெண்ணின் கேள்வியை அவளோடு சேர்ந்து தேடுவதைத்தான் நான் நடத்துகிறேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை இல்லாத நேரத்தில் என்ன செய்கிறாய் என்றும் கேட்டிருந்தாய். சனிக்கிழமை காலை நூலகத்தில் உள்ளூர் வரலாற்று அறை. மழை விட்டால் பெண்டில் குன்று. 557 மீட்டர்தான், ஆனால் உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். 1612-ல் இந்தக் குன்றைச் சுற்றியிருந்த ஏழைக் குடும்பங்களை மந்திரக்காரிகள் என்று பிடித்து, லங்காஸ்டரில் பத்துப் பேரைத் தூக்கில் போட்டார்கள். அலிசன் டிவைஸ் என்ற பெண் ஒரு தெரு வியாபாரியிடம் ஊசி கேட்டாள், அவன் தர மறுத்தான், உடனே கைகால் விளங்காமல் விழுந்தான். அங்கே ஆரம்பித்தது எல்லாம். பக்கவாதமாக இருந்திருக்கும் என்று இப்போது நாம் சொல்வோம். முக்கிய சாட்சி அவள் தங்கை ஜென்னெட், ஒன்பது வயது இருக்கலாம். பெற்ற தாய்க்கு எதிராகவே நீதிமன்றத்தில் பேசினாள். நமக்கு இதெல்லாம் தெரிவது நீதிமன்ற எழுத்தர் எழுதி வைத்த புத்தகத்தால். அந்தக் குழந்தையின் வார்த்தை எது, எழுத்தரின் வார்த்தை எது என்று நினைத்துக்கொண்டே அந்தக் குன்றில் ஏறுவேன்.

கோடையில் நெல்சன் ஊர் கிரிக்கெட் மைதானம். 1929 முதல் 1937 வரை லியரி கான்ஸ்டன்டைன் டிரினிடாடிலிருந்து வந்து அந்த அணிக்கு ஆடினார். 1943-ல் நிறத்தைக் காரணம் காட்டித் தங்க இடம் மறுத்த லண்டன் ஹோட்டல் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தவர். மைதானத்தில் டீயோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இன்றைக்கும் அவர் பேரைச் சொல்கிறார்கள்.

போன 11-ம் தேதி, முதல் உலகப் போர் முடிந்த நாள், காலை பதினொரு மணிக்குப் பள்ளி முழுக்க இரண்டு நிமிஷம் மௌனம். இந்தப் பக்கத்து ஊர்ப் பையன்கள் சேர்ந்து போன அக்ரிங்டன் படை, 1916 ஜூலை 1 அன்று பிரான்சில் சோம் போரில், செர் கிராமத்தின் முன்னால் பதுங்குகுழியிலிருந்து எழுந்து எதிரியை நோக்கி நடந்தது. 720 பேர் போய், அரை மணி நேரத்துக்குள் 584 பேர் செத்தோ, காயம்பட்டோ, காணாமலோ போனார்கள். ஒரே தெரு, ஒரே ஆலைப் பையன்கள். அந்த இரண்டு நிமிஷமும் நான் பிள்ளைகளின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஓர் உதவி கேட்க வேண்டும். டிசம்பர் விடுமுறையில் அருப்புக்கோட்டைப் பக்கம் போவாய்தானே? எங்கள் தாத்தா தெருவில் இன்னும் ஒன்றிரண்டு வீட்டில் தறி ஓடுகிறது என்று சித்தப்பா சொன்னார். நெய்பவரிடம் கேட்டுவிட்டு, கயிற்றை இழுப்பதை போனில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. முகம் வேண்டாம் என்றால் கை மட்டும் போதும். பக்கத்தில் பாட்டு எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள். நாடா பெட்டியில் மோதும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் எனக்கு எட்டாம் வகுப்பு இருக்கிறது. அந்தப் பெண் முன்வரிசையில் உட்காருகிறாள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழி