பள்ளிக்குப் பக்கத்தில் பூங்கா: குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு பன்னிரண்டு முறை கூடியது. எந்தப் பொருளில் தொடங்கினாலும் பெரும்பாலான கூட்டங்களில் பேச்சு பூங்காவில்தான் வந்து நின்றது. அதனால் இந்த அறிக்கையிலும் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவற்றைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காக ஒரு சிறு முன்கதை. குடியிருப்பின் கிழக்கே காலியாகக் கிடந்த நிலத்தில் பள்ளி வரப்போகிறது. அதை ஒட்டிய துண்டு நிலம் பொதுப் பயன்பாட்டுக்கு என்று வரைபடத்திலேயே ஒதுக்கப்பட்டது. நிலத்தைத் தருவதாகவும், பூங்கா அமைக்கும் செலவில் பாதியை ஏற்பதாகவும் நகராட்சி ஒப்புக்கொண்டது. மீதிப் பாதியும் அதன்பிறகு வரும் பராமரிப்பும் சங்கத்தின் பொறுப்பு. போன ஆண்டு பொதுக்குழு இதற்குக் கைதட்டி ஒப்புதல் தந்தது. "அதன்பிறகு வரும் பராமரிப்பும்" என்ற அந்த மூன்று சொற்களின் கனம் இந்த ஆண்டுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பூங்கா கட்டப் பணம் கேட்டால் கொடுக்கிறார்கள். ஊஞ்சலுக்கு, நடைபாதைக்கு, விளக்குக்கு என்று கேட்டால் மனமுவந்து தருகிறார்கள். ஐந்து ஆண்டு கழித்து அந்த ஊஞ்சலின் சங்கிலி தேயும், அதை மாற்ற இப்போதே கொடுங்கள் என்றால் முகம் மாறுகிறது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் எவ்வளவு பெயர் பெற்றது! அதுவே 1970களில் நகரத்துக்கு நிதி நெருக்கடி வந்தபோது புல்வெளி மண்ணாகி, கட்டடங்கள் சிதைந்து கிடந்தது. 1980-ல் ஒரு காப்பு அமைப்பை ஏற்படுத்தித் தனியாரிடம் நிதி திரட்டத் தொடங்கிய பிறகுதான் அது மீண்டது. இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரத்தார் இதில் முன்யோசனைக்காரர்கள். 1992-ல் பூங்காக்களை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோது, வாடகை வரும் கட்டடங்களையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த வருமானத்தில்தான் இன்றும் மரம் செடிகளுக்குச் செலவாகிறது.

நம்மிடம் கட்டடம் இல்லை. ஆனால் அந்த வழியை நம் அளவுக்குப் பின்பற்றலாம் என்று செயற்குழு முடிவு செய்தது. பூங்காவுக்கு வரும் ஒவ்வொரு பத்துப் பங்கிலும் நான்கு பங்கு நிரந்தர வைப்பில் போகும். வட்டியை மட்டுமே எடுப்போம், முதலைத் தொட மாட்டோம். இதன் விளைவாக இந்த ஆண்டு நடைபாதை போட முடியவில்லை. "பணம் வங்கியில் தூங்குது, பிள்ளைங்க தெருவுல விளையாடுது" என்று ஓர் உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வண்டிகளுக்கு நடுவே பந்து பொறுக்கும் பிள்ளைகளை நானும் தினம் பார்க்கிறேன். இருந்தாலும் இந்த முடிவை மாற்ற வேண்டாம் என்றே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். திறந்த மூன்றாம் ஆண்டே பூட்டுப் போட்ட பூங்கா அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் இதைவிடப் பெரியது.

யார் எவ்வளவு கொடுப்பது என்பதிலும் நீண்ட விவாதம் நடந்தது. பூங்காவைப் பார்த்தபடி இருக்கும் வீடுகளின் மதிப்பு கூடும், அவர்கள் கூடுதலாகத் தரட்டும் என்றது ஒரு தரப்பு. இது புதிய யோசனை அல்ல. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்டில் 1847-ல் பொதுப் பணத்தில் பூங்கா அமைத்தவர்கள், அதைச் சுற்றியிருந்த மனைகளை விற்றுத்தான் செலவை ஈடுகட்டப் பார்த்தார்கள். ஆனால் நம் பின்தெருக்களில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டு மதிப்பு கூடி என்ன பயன்? வாடகைதான் கூடும். முற்றம் இல்லாத அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பூங்கா முதலில் வேண்டும். கடைசியில் கட்டாயத் தொகை எதுவும் வைக்கவில்லை. பூங்காவைப் பார்த்த வீட்டுக்காரர்களில் பலர் தாங்களாகவே இரட்டைப் பங்கு தந்தார்கள். கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் அகர வரிசையில் இருக்கும், தொகை இருக்காது.

ஒரு நன்கொடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் உறுப்பினர் ஒருவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக ஒரு நீரூற்று அமைத்துத் தர முன்வந்தார். முழுச் செலவும் அவருடையது. ஆனால் மோட்டார், மின்சாரம், தேங்கும் நீர், கொசு என்று அதைக் காப்பாற்றும் செலவு மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகும் என்று தெரிந்தது. நானும் பொருளாளரும் அவர் வீட்டுக்குப் போய் வேண்டாம் என்று சொன்னோம். அவர் மிகவும் வருத்தப்பட்டார். இரண்டு மாதம் எங்களிடம் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் மாலை அவரே வந்து, அதே தொகையை வைப்பு நிதிக்குக் கொடுத்தார். "அவ செடிக்குத் தண்ணி ஊத்துவா, ஊற்றைப் பார்த்துக்கிட்டு நின்னதில்ல" என்றார். அந்த வீட்டுப் படியில் நின்ற நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

ஒரு தவறையும் உங்கள் முன் வைக்கிறேன். தொடக்கத்தில் பூங்கா நிதிக்கும் ஆண்டுச் சந்தாவுக்கும் ஒரே ரசீதுப் புத்தகத்தைப் பயன்படுத்தினோம். எது எதற்குக் கொடுத்த பணம் என்று பிரிக்கப் பொருளாளருக்கு மூன்று வாரம் ஆனது. சந்தேகம் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்க் கேட்டு எழுதினோம். புத்தகத்தை முதலிலேயே பிரித்திருக்க வேண்டியது நான். இப்போது தனி வங்கிக் கணக்கு, தனி ரசீது. கணக்கு தணிக்கையாகி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.

சரி, பூங்காவுக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை எட்டுப் பேர் அந்த நிலத்தில் உட்கார்ந்திருந்தோம். ஓரத்தில் நிற்கும் பழைய மரத்தின் நிழல் எங்கே விழுகிறதோ அந்த விளிம்பில் மணிக்கு ஒரு முறை சுண்ணாம்புத் தூள் தூவினோம். வரைபடத்தில் ஊஞ்சலும் சறுக்கு மரமும் குறித்திருந்த இடம் பள்ளி விடும் நேரத்தில் நல்ல வெயிலில் இருந்தது. இரும்புத் தகட்டை அங்கே வைத்தால் பிள்ளைகள் தொடக்கூட முடியாது. இரண்டையும் நிழலுக்குள் நகர்த்தி வரைபடத்தைத் திருத்திவிட்டோம். விழுந்தால் தாங்க அடியில் ஆழமாக மணல் போடுவோம். ஐரோப்பியத் தரவிதிகள் விளையாட்டுச் சாதனத்திலிருந்து விழக்கூடிய உயரத்தை 3 மீட்டருக்குள் வைக்கச் சொல்கின்றன. நம்முடையவை அதில் பாதியைத் தாண்டாது. வயதானவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பெஞ்சுக்குச் சாய்மானத்தோடு கைப்பிடியும் வேண்டும், ஊன்றி எழுந்திருக்க. சேர்த்தாயிற்று.

அந்த மரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். மூன்று பெண் பிள்ளைகள் கைகோத்தும் அதன் அடியைச் சுற்றிப் பிடிக்க முடியவில்லை. பள்ளிக் கட்டுமானம் தொடங்கியதும் ஒரு நாள் அதன் அடியில் செங்கல் அடுக்கிவிட்டார்கள். மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள்தான் ஓடுகின்றன, அதுவும் கிளைப் பரப்பைத் தாண்டி. பாரம் ஏறி மண் இறுகினால் காற்றும் நீரும் போகாமல் வேர் சாகும். இலை வாடுவது சில ஆண்டு கழித்துத்தான் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. மேற்பார்வையாளரிடம் சொன்னதும் மறுநாளே எடுத்துவிட்டார். இப்போது சுற்றிலும் வேலி போட்டிருக்கிறோம். பள்ளி வேலை முடியும் வரை லாரி போகும் பக்கத்தில் புதுக் கன்று எதுவும் நடப்போவதில்லை.

பள்ளிக்கும் பூங்காவுக்கும் நடுவில் வரும் கதவுதான் இன்னும் தீராத விஷயம். வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், அரை ஹெக்டேராவது பசுமை வெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2017-ல் ஒரு பொது அளவு சொன்னது. நம் துண்டு நிலம் அதைவிடச் சிறியது. பள்ளி மைதானமும் சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும். பாரிஸில் பள்ளி முற்றங்களில் சிமெண்டைப் பெயர்த்து மரம் வைத்து, அவற்றில் பலவற்றைச் சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிடுகிறார்கள். நாமும் அதைத்தான் கேட்கிறோம்: பள்ளி நேரத்தில் பூங்கா பிள்ளைகளுக்கு, விடுமுறையில் மைதானம் எல்லோருக்கும். சாவி யாரிடம், அடிபட்டால் யார் பொறுப்பு, கழிப்பறையை யார் கழுவுவது என்ற மூன்றையும் எழுத்தில் போடாமல் கையெழுத்திட வேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. வரைவு தயார், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

மற்றவை: எரியாத தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. இரண்டாம் தெருக் கழிவுநீர் அடைப்பு நீங்கியது, ஆறாம் தெருவில் இன்னும் இல்லை. இந்த ஆண்டு நாம் இழந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி. கணக்கில் உழைத்த பொருளாளருக்கும் தணிக்கையாளருக்கும் நன்றி.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள் உள்ளன. பத்தில் நான்கு பங்கு வைப்பு என்பதை விதிமுறைப் புத்தகத்தில் சேர்ப்பது ஒன்று. ஊஞ்சல் பகுதியையும் பெஞ்சுகளையும் முதலில் முடித்து, நடைபாதையை அடுத்த ஆண்டுக்கு வைப்பது மற்றொன்று.

வடக்கு ஓரத்தில் நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டிருக்கிறோம். வியாழக்கிழமைக்கு மட்டும் இன்னும் ஆள் இல்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்