40 கிலோ தாங்கும் என்றீர்கள், 27 கிலோவுக்கே தொய்ந்துவிட்டது

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் ஐந்து தட்டு புத்தக அலமாரியில் பலகை பிளந்தது, தட்டுகள் தொய்ந்தது, கையேட்டில் உள்ள தவறுகள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன் உங்கள் நிறுவனத்தின் ஐந்து தட்டு புத்தக அலமாரியை வாங்கினேன். 180 செ.மீ. உயரம், 90 செ.மீ. அகலம், 16 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு. இது பற்றி ஏற்கெனவே இரண்டு முறை போனில் பேசியாகிவிட்டது. முதல் முறை பேசியவர், "ரொம்ப அழுத்தி முடுக்கியிருப்பீங்க" என்றார். இரண்டாவது முறை பேசியவர், "பாரம் ஜாஸ்தியா ஏத்தியிருப்பீங்க" என்றார். இரண்டுமே இல்லை என்று விளக்கத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் தச்சன் இல்லை. ஆனால் டிரில், இழைப்புளி, மூலைமட்டம், ரசமட்டம் எல்லாம் வைத்துக்கொண்டு சில வருடங்களாக வீட்டு மரவேலையை நானே பார்த்து வருகிறேன். ஸ்டூல் செய்திருக்கிறேன், மழைக்கு உப்பி மூட முடியாமல் போன கதவை இழைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாததா என்று உங்கள் கையேட்டை வரிக்கு வரி பின்பற்றியதுதான் நான் செய்த தப்பு.

முதலில் பிளந்த பலகை. கையேட்டின் மூன்றாம் படி, "ஸ்க்ரூவை நேரடியாகப் பலகையின் விளிம்பில் வைத்து முடுக்கவும்" என்கிறது. நீங்கள் கொடுத்திருப்பது 4 மி.மீ. தடிமன், 40 மி.மீ. நீள ஸ்க்ரூ. அது இறங்க வேண்டிய விளிம்பு 16 மி.மீ. தான். பார்ட்டிகிள் போர்டு என்பது மரச்சீவலைப் பசை போட்டு அழுத்திச் செய்தது. அதன் அகலமான முகத்தில் ஸ்க்ரூ ஓரளவு நன்றாகவே பிடிக்கும். விளிம்பில் அப்படி இல்லை, ஆப்பு அடித்தது போல அடுக்கைப் பிரித்துக்கொண்டுதான் இறங்கும். இதில் உங்கள் புள்ளிக்குறி மூலையிலிருந்து வெறும் 2 செ.மீ. தள்ளி இருக்கிறது. இரண்டாவது ஸ்க்ரூ பாதி இறங்கும்போதே "டப்" என்று ஒரு சத்தம். பார்த்தால் விளிம்பு நடுவில் வாய் பிளந்து, உள்ளேயிருந்து தவிட்டு நிறத்தில் தூள் கொட்டுகிறது. மேலே ஒட்டியிருந்த வழவழப்பான மேல்தாள் (லேமினேட்) கொப்புளம் போலத் தூக்கிக்கொண்டது. டிரில்லைக்கூட நான் தொடவில்லை, கையால் திருப்பிய ஸ்க்ரூடிரைவர்தான்.

அப்புறம் அதே பிளந்த பலகையின் மறுமுனையில் ஒரு சோதனை செய்தேன். மூன்று ஸ்க்ரூவை உங்கள் கையேடு சொன்னபடி நேராக இறக்கினேன். இரண்டு இடத்தில் பிளந்தது. இன்னும் மூன்றுக்கு 3 மி.மீ. டிரில் பிட்டால் முன்துளை போட்டு, மூலையிலிருந்து 5 செ.மீ. தள்ளி, விளிம்பின் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் இறுக்கி வைத்துவிட்டு இறக்கினேன். ஒன்றுகூடப் பிளக்கவில்லை. பிட்டில் எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொண்டால் அளவு தப்பாது. கடைசி இரண்டு சுற்றைக் கையால் முடுக்கினால் மரை அரைந்து போகாது. இதையெல்லாம் எழுத உங்கள் கையேட்டில் நான்கு வரி போதும். அட்டையில் சிரித்தபடி நிற்கும் குடும்பத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

பிளந்த இடத்தில் வெள்ளை மரப்பசையை ஊசியில்லாத சிரிஞ்சால் உள்ளே செலுத்தி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டு ஒட்டிக்கொண்டேன். நிற்கிறது. ஆனால் புதுப் பலகைக்குப் பணம் கொடுத்துவிட்டு ஒட்டுப் பலகையை வைத்திருக்கிறேன்.

பசை என்றதும் ஐந்தாம் படி ஞாபகம் வருகிறது. லேமினேட் மேலேயே பசை தடவி அடுத்த பலகையை ஒட்டச் சொல்கிறீர்கள். இந்த வெள்ளைப் பசை மரத்தின் நுண்துளைகளுக்குள் ஊறி இறுகினால்தான் பிடிக்கும். வழவழவென்ற லேமினேட்டில் அது எங்கே ஊறும்? மறுநாள் நகத்தால் நெம்பியதும் பிளாஸ்டிக் தாள் போல அப்படியே உரிந்து வந்தது. பலகைகளை இணைக்கும் மரக்குச்சி போகும் துளைக்குள் மட்டும் பசை விட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

இனி முக்கியமான விஷயம், தட்டுகள். பெட்டியின் மேல் "ஒரு தட்டு 40 கிலோ தாங்கும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நான் புத்தகங்களைக் கட்டுக் கட்டாக எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன். அதிகமாகத் தொய்ந்த தட்டில் இருந்தது 27 கிலோ. ஒரு நூலைத் தட்டின் இரு முனைக்கும் இழுத்துக் கட்டி, நடுவில் ஸ்கேல் வைத்து அளந்தேன். மூன்றாவது வாரத்தில் 11 மி.மீ. இறங்கியிருந்தது. இப்போது 16 மி.மீ., அதாவது ஒரு பலகைத் தடிமன் அளவு. புத்தகங்கள் எல்லாம் நடுப்பக்கம் சாய்ந்து, ஒன்றன் தோளில் ஒன்று தலை வைத்து நிற்கின்றன.

"தட்டு உடையவில்லையே, தாங்கத்தானே செய்கிறது" என்று உங்கள் ஊழியர் வாதாடினார். உடையாமல் இருப்பதும் வளையாமல் இருப்பதும் வேறு வேறு. பலகை எவ்வளவு தொய்யும் என்பது நீளத்தின் நான்காம் அடுக்கை (நீளம் × நீளம் × நீளம் × நீளம்) பொறுத்தது. அதே புத்தகங்களை அதே நெருக்கத்தில் அடுக்கி, தட்டின் நீளத்தை மட்டும் 90 செ.மீ.-லிருந்து 60 செ.மீ.-ஆகக் குறைத்தால் தொய்வு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். தடிமனுக்கு மூன்றாம் அடுக்கு. 16 மி.மீ. பலகைக்குப் பதில் 25 மி.மீ. போட்டால் விறைப்பு கிட்டத்தட்ட நாலு மடங்கு. போதாக்குறைக்கு பார்ட்டிகிள் போர்டு நிலையான பாரத்தில் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். கடையில் ஐந்து நிமிடம் எடை வைத்துப் பார்த்தால் இது தெரியாது. ஒரு மீட்டர் புத்தக வரிசை சாதாரணமாகவே 30 கிலோ வரும் என்னும்போது, புத்தக அலமாரி என்று பெயர் வைத்து 16 மி.மீ. பலகையை 90 செ.மீ. நீளத்துக்கு நடுவில் தாங்கல் எதுவும் இல்லாமல் விட்டது யார் யோசனை?

"தட்டைத் திருப்பிப் போடுங்கள்" என்றும் ஆலோசனை வந்தது. அது பலரும் செய்கிற வழிதான், குற்றம் சொல்ல மாட்டேன். நானும் செய்தேன். சில வாரம் நிமிர்ந்து நின்றது, பிறகு மறுபக்கம் தொய்யத் தொடங்கிவிட்டது.

கடைசியில் நானே இரண்டு தட்டுக்கு வைத்தியம் பார்த்தேன். 40 மி.மீ. உயரம், 20 மி.மீ. தடிமனில் கெட்டி மரச் சட்டம் வாங்கி, தட்டின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் செங்குத்தாக நிற்கும்படி, லேமினேட் ஓரத்தை உரசி எடுத்துவிட்டுப் பசை போட்டு ஒட்டினேன். சட்டத்தைப் படுக்கையாக வைத்தால் பிரயோஜனம் இல்லை, உயரம்தான் வேலை செய்கிறது. அதே புத்தகங்களை மறுபடி அடுக்கி ஒரு மாதம் ஆகிறது, 2 மி.மீ. கூட இறங்கவில்லை. பெட்டியோடு தட்டுக்கு இரண்டு சட்டம் நீங்களே கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்தின் பாதிக்கு வேலை இருந்திருக்காது.

பின்பக்க ஷீட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆணி அடிக்கும் முன் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து, சமமாக (அதாவது அலமாரி கோணாமல்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை. எனக்கு 6 மி.மீ. வித்தியாசம். ஆணிகளைப் பிடுங்கி மறுபடி அடித்தேன். இதில் பாதித் தவறு என்னுடையது, எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் பதினோராம் படியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. "தேவைப்பட்டால் சுவரில் பொருத்தவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறடி உயர அலமாரி, மேல் தட்டுவரை புத்தகம், கீழே ஒரு குழந்தை தட்டைப் பிடித்து ஏறினால் என்ன ஆகும்? இதில் "தேவைப்பட்டால்" எங்கிருந்து வந்தது? அதற்கு நீங்கள் கொடுத்ததும் 30 மி.மீ. ஸ்க்ரூ, அது பிடிக்கச் சுவர்த் துளைக்குள் செருகும் 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக். என் வீட்டுச் சுவரில் பூச்சு மட்டுமே 15 மி.மீ. இருக்கிறது. பிராக்கெட் தடிமனும் போனால் செங்கலுக்குள் போவது ஒரு செ.மீ. சொச்சம். பொருத்திவிட்டு ஒரு கையால் இழுத்துப் பார்த்தேன், பூச்சுத் தூளோடு பிளக் கையோடு வந்துவிட்டது. இப்போது 8 மி.மீ. பிளக், 60 மி.மீ. ஸ்க்ரூ போட்டிருக்கிறேன். துளையை ஸ்க்ரூவை விட ஒரு செ.மீ. ஆழமாகப் போட்டு, உள்ளே இருந்த தூளை ஊதி எடுத்த பிறகு பிளக்கை அடித்தேன். செங்கல்லின் நடுவில் போட வேண்டும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள கலவையில் போட்டால் பிடிப்பு குறைவு. உள்ளே வெற்றிடம் உள்ள பிளாக் சுவருக்கு வேறு வகை பிளக் வேண்டும். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் ஒயர் ஓடும், அங்கே துளை போடக் கூடாது. இந்த எச்சரிக்கையில் ஒன்றுகூட உங்கள் கையேட்டில் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பிளந்த பக்கப் பலகையை மாற்றிக் கொடுங்கள். ஐந்து தட்டுகளுக்கும் பதிலாக 25 மி.மீ. தட்டுகளோ, நடுவில் நிற்க வைக்கும் தடுப்புப் பலகையோ அனுப்புங்கள். இரண்டும் முடியாது என்றால் அலமாரியை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பெட்டியில் உள்ள 40 கிலோ என்ற வாசகத்தை எடுங்கள், அல்லது எத்தனை மி.மீ. தொய்வோடு 40 கிலோ என்று எழுதுங்கள். சுவரில் பொருத்தும் படியிலிருந்து "தேவைப்பட்டால்" என்ற சொல்லை நீக்குங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் சரியான ஸ்க்ரூவை அனுப்புங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், போனில் வேண்டாம்.

பிளந்த விளிம்பு, நூல் கட்டி அளந்த தட்டு, சுவரிலிருந்து வந்த பிளக் ஆகியவற்றின் படங்களையும் ரசீது நகலையும் இணைத்துள்ளேன். சோதனை செய்த பலகை என்னிடமே இருக்கிறது. உங்கள் ஆள் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அலமாரியை வாங்கிய வாடிக்கையாளர்

பின்குறிப்பு: எட்டாம் படியில் "படம் ஊ-வைப் பார்க்கவும்" என்று இருக்கிறது. கையேட்டில் படங்கள் "உ"-வோடு முடிந்துவிடுகின்றன.