பதவிக்காலம் முடிச்ச எங்க பஞ்சாயத்துக்காரங்களுக்கு கடைசித் தெருவோட நன்றி

தலைவர் அம்மாவுக்கும், துணைத் தலைவர் அண்ணனுக்கும், வார்டு மெம்பருங்க அத்தனை பேருக்கும், கிளார்க் சாருக்கும், டேங்க் ஆபரேட்டர் அண்ணனுக்கும், தூய்மைக் காவலர் அக்காமாருக்கும் எங்க தெரு மொத்தத்தோட வணக்கம்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோட உங்க பதவிக்காலம் முடிஞ்சிடுச்சு. 2019 டிசம்பர்ல தமிழ்நாட்டுல 27 மாவட்டத்துல நடந்த தேர்தல்ல ஜெயிச்சு வந்தவங்க நீங்க, இனி அடுத்த தேர்தல் வர்ற வரைக்கும் பிடிஓ, அதான் வட்டார வளர்ச்சி அலுவலர், அவர்தான் பஞ்சாயத்தப் பாத்துக்கற தனி அலுவலர்னு சொல்லிட்டாங்க. மாலை சால்வைன்னு எதுவும் வேணாம், அந்தக் காச பள்ளிக்கூடத்துக்குக் குடுங்கன்னு தலைவர் அம்மா கண்டிப்பா சொன்னதால விழா ஏதும் வைக்கல, ஆனா நாங்க ஒண்ணும் சொல்லாம இருந்துட்டா அது நியாயமே இல்ல, அதான் இந்த மடல். பேரு யாரோடதும் போடல, போடக்கூடாதுன்னு நீங்களே கேட்டுக்கிட்டீங்க.

போட்ட ரோட்டுக்கும் மாத்துன தெருவிளக்குக்கும் நன்றி. அத விடப் பெருசா எங்களுக்குப் படறது, எதையும் ஊர் முன்னாடி வச்சுப் பேசி முடிவு பண்ணீங்களே, அதுதான். முன்னாடியெல்லாம் கிராமசபைன்னா தீர்மான நோட்டு வீட்டு வாசலுக்கே வந்துடும், எந்த எடத்துல கையெழுத்து போடணும்னு விரல காட்டுவாங்க, போட்டு அனுப்புவோம், உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரும் கேட்டதும் இல்ல. நீங்க வந்த பிறகு அந்த நோட்டு வீடு வீடா வர்றது நின்னுபோச்சு. நம்ம ஊர் மாதிரி 501லேருந்து 3000 பேர் வரைக்கும் இருக்கற ஊருக்கு 100 பேர் வந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும், ஒரு மே 1 கூட்டத்துல ஆளு பத்தலன்னதும் மெம்பருங்களே தெருத்தெருவா போய் கூப்பிட்டு வந்து, வெயில்ல காத்துக்கிட்டு இருந்து, அப்புறம்தான் ஆரம்பிச்சாங்க. கொரோனா வந்தப்புறம் 2020ல கிராமசபை நடத்தவே வழியில்லாம போச்சு, திரும்பத் தொடங்கினப்பவும் இந்தப் பழக்கத்த நீங்க விடல.

இப்ப தண்ணி விஷயம். வீட்டுக்கு வீடு குழாய் குடுக்கற ஜல் ஜீவன் திட்டத்துல எங்க தெருவுக்கு குழாய் வந்துச்சு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு, ஆனா குழாய் வந்துச்சே தவிர தண்ணி வரல. டேங்க்ல இருந்து தொறந்து விட்டா மேட்டுல கடைசியா இருக்கற எங்களுக்கு வர்றதுக்குள்ள முன்னாடி இருக்கற தெருவுலயே முடிஞ்சிடும், அது போதாதுன்னு நெறைய வீட்டுல குழாயிலயே மோட்டார வச்சு உறிஞ்சுவாங்க. அது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும், யார் போய் சொல்றதுங்கறதுதான் பிரச்சனை. இன்னொரு டேங்க் கட்டிக் குடுங்கன்னு நாங்க கிராமசபைல மனு வச்சோம், அன்னைக்குப் பேச்சு ரொம்ப சூடாவும் போச்சு, எங்க தெரு பொம்பளைங்க குடத்தோட வந்து உக்காந்திருந்தாங்க. அப்ப டேங்க் ஆபரேட்டர் அண்ணன் எழுந்து, டேங்க் கொள்ளளவு போதும், தெருவுக்குத் தெரு தண்ணிய தொறந்து மூடற கேட் வால்வு போட்டு முறை வச்சு விட்டா எல்லாருக்கும் கிடைக்கும், ஆனா மோட்டார் இருக்கற வரைக்கும் எத்தன டேங்க் கட்டினாலும் கடைசித் தெருவுக்குப் போகாதுன்னு பட்டுனு சொன்னார். எந்த நேரத்துக்குத் தொறந்தா எந்தத் தெருவுல எவ்வளவு நேரத்துல பிரஷர் விழுதுன்னு ஒரு பழைய டைரில அவர் குறிச்சே வச்சிருந்தார், அவர யாரும் இதுக்கு முன்னாடி கேட்டதே இல்லயாம். அவரக் கூட்டத்துல பேச வச்ச தலைவர் அம்மாவுக்கு நாங்க தனியா கடமைப்பட்டிருக்கோம்.

அடுத்து மெயின் தெரு மெம்பர் அக்கா. முறை வச்சு விட்டா அவங்க தெருவுக்குத் தண்ணி நேரம் கொறையும், ஓட்டுப் போட்ட ஜனங்களே சண்டைக்கு வருவாங்க, தெரிஞ்சேதான் வால்வு போட்டு முறை வைக்கணும், மோட்டாரக் கழட்டணும்ங்கற தீர்மானத்த முன்மொழிஞ்சாங்க. முதல்ல அவங்க வீட்டு மோட்டாரக் கழட்டுனாங்க, அப்புறம் ஒவ்வொரு வீடா ஏறி எறங்குனாங்க, சில வீட்டுல மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்துனதையும் நாங்க பாத்தோம். 2016ல சட்டம் திருத்தி உள்ளாட்சில பொம்பளைங்களுக்கு 50 சதவீதம் குடுத்தும் எத்தனையோ எடத்துல வீட்டுக்காரர்தான் வந்து நாற்காலில உக்காருறாரு, இந்த அக்கா முதல் கூட்டத்துல இருந்தே தானே வந்தாங்க தானே பேசினாங்க. அக்கா, இன்னைக்கு எங்க தெருவுல காலைல குடம் நிறையுதுன்னா அது உங்களாலதான், இத எங்க புள்ளைங்களுக்கும் சொல்லி வச்சிருக்கோம்.

துணைத் தலைவர் அண்ணனப் பத்தியும் சொல்லணும். செக்குல தலைவரும் துணைத் தலைவரும் சேந்து கையெழுத்து போட்டாத்தான் பணம் போகும், வால்வு பொருத்தி தண்ணி ஓடறத கண்ணால பாக்காம போட மாட்டேன்னு அவர் நின்னார், அதுல காண்டிராக்டருக்கு கோவம் வந்துச்சு, அவர் அசரல. அந்த மாதிரி ஆளு ஒருத்தர் இருந்தா போதும்ங்க ஒரு பஞ்சாயத்துக்கு.

கிளார்க் சார் கணக்கு வாசிக்கறத எவ்வளவு வேணா கேக்கலாம். ஓடி ஓடி வாசிக்காம, எது வீட்டு வரி, எது மாநில நிதிக்குழு மானியம், எது மத்திய அரசோட 15வது நிதிக்குழுவுலேருந்து வந்ததுன்னு பிரிச்சுச் சொல்வார். ஊர் முகப்புல ஆர்ச்சு கட்டணும்னு பசங்க கேட்டப்ப, 15வது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான், அதுல கைவைக்க முடியாது தம்பின்னு பேப்பர எடுத்தே காட்டினார், பசங்களும் புரிஞ்சுக்கிட்டாங்க. முடியாதுங்கறதுக்குக் காரணத்தையும் சேத்துச் சொல்ற ஆபீசரு கிடைக்கறது அபூர்வம்.

தூய்மைக் காவலர் அக்காமாரே, கொரோனா நேரத்துல நாங்க கதவத் தாள் போட்டு உள்ள இருந்தப்ப நீங்க எங்க வாசல்ல நின்னீங்க. உங்க கூலி மாசாமாசம் தேதி தவறாம வரணும்னு கிராமசபைல எங்க தெருக்காரங்க பேசுவோம், இது சத்தியம்.

மெம்பருங்களுக்குச் சம்பளம்னு கெடையாது, கூட்டத்துக்கு வந்தா ஒரு சின்ன படி, அவ்வளவுதான், அதுக்காக பொழப்ப விட்டுட்டு ஒன்றிய ஆபீசுக்கு அலைஞ்சவங்க நீங்க. பதவி இல்லன்னு ஒதுங்கிடாதீங்க. வர்ற ஜனவரி 26 கிராமசபைல சுடுகாட்டுப் பாதைக்கு மறுபடி மனு வைக்கறோம், மழைக்காலத்துல பொணத்தத் தூக்கிக்கிட்டு முழங்கால் சேத்துல நடக்கறது உங்களுக்கே தெரியும். பழைய தீர்மானம் என்ன ஆச்சு, ஃபைல் எந்த மேசையில நிக்குதுன்னு உங்கள விட யாருக்கும் தெரியாது. தனி அலுவலர் முன்னாடி எடுத்துச் சொல்ல நீங்களும் வாங்க, முன்வரிசைல எங்ககூட உக்காருங்க.

இப்படிக்கு,
கடைசித் தெரு மக்கள்