டிக்கெட்டில் 8 மணி, கச்சேரி 7:30-க்கு

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சிங்கப்பூர்

பொருள்: டிக்கெட்டில் தவறான நேரம், முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பது

ஐயா / அம்மையீர்,

போன சனிக்கிழமை நடந்த ஆர்க்கெஸ்ட்ராவின் பருவத் தொடக்கக் கச்சேரிக்கு உங்களிடம் இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஒன்று 85 வெள்ளி, முன்பதிவுக் கட்டணம் டிக்கெட்டுக்கு 4 வெள்ளி. டிக்கெட்டில் இரவு 8 மணி என்று இருந்தது. நானும் மகளும் 7:40-க்கே போய்விட்டோம். கதவு சாத்தியிருந்தது. கச்சேரி 7:30-க்காம். வரவேற்புரை முடிந்து அப்போதுதான் இசை தொடங்கியிருந்தது. இடையில் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அது சரியான விதிதான், வாசலில் நின்ற பெண்ணின் மீது குறையில்லை.

முதல் உருப்படி இசையமைப்பாளர் லிகெட்டியின் ‘அட்மாஸ்ஃபியர்ஸ்’. 1961-இல் முதலில் வாசித்தது, இன்னும் ‘புது இசை’ என்றே போடுகிறார்கள், போகட்டும். அதில் மெட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே மூச்சாக, மிக மெலிதாகத் தொடங்கும். அதை நேரில் கேட்கத்தான் வந்தேன். கேட்டது வெளிக்கூடத்துக் காப்பி மெஷினை. அதன் கடைசியில், மேடையைக் காட்டிய சுவர் டிவியில், இரண்டு பேர் பியானோவுக்குள் குனிந்து பிரஷ்ஷால் தந்திகளை வருடுவது தெரிந்தது. “அப்பா, அது எப்படிக் கேட்கும்?” என்றாள் மகள். தெரிந்துகொள்ளத்தானே வந்தோம்.

அடுத்து பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ, அதாவது தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது. அது டிம்பனி என்ற பெரிய முரசின் மெல்லிய தட்டல்களோடு ஆரம்பிக்கும். நாங்கள் முழங்கால்களை இடித்து ‘சாரி, சாரி’ என்று இருக்கையைத் தேடியதில் அதுவும் போயிற்று.

மறுநாள் உங்களுக்கு எழுதினேன். ‘நேரம் மாறக்கூடும், இணையதளத்தைப் பார்க்கவும், பெரும்பகுதியைக் கேட்டுவிட்டதால் பணம் தர இயலாது’ என்று பதில் வந்தது, கூடவே 10 சதவீதத் தள்ளுபடிக் குறியீடு. முகூர்த்தத்தைத் தவறவிட்டவரிடம் ‘பந்தியில் சாப்பிட்டீர்களே’ என்பது போல இருக்கிறது. நேரம் மாறவும் இல்லை. அரங்கின் சுவரொட்டியில் முதலிலிருந்தே 7:30 தான். 8 என்று போட்டது நீங்கள்.

எனக்கு 178 வெள்ளியும் வர வேண்டும், தள்ளுபடிக் குறியீடு வேண்டாம். அப்புறம், இதே பருவத்தில் இன்னொரு கச்சேரிக்கும் உங்களிடமே வாங்கியிருக்கிறேன். அதிலும் 8 மணி என்றுதான் இருக்கிறது. அரங்கத்தில் கேட்டுச் சரியான நேரத்தை 14 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். டிக்கெட்டின் நகலையும் சுவரொட்டியின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்