சயானில் எழுத்து தெரியக் கூடாது: ஒரு நன்றி மடல்

எங்கள் காமிக்ஸ் தொகுப்பு கைக்கு வந்துவிட்டது. அட்டை சுருளவில்லை, முதுகு நேராக நிற்கிறது, வசன பலூனுக்குள் எழுத்து கறுப்பாக இருக்கிறது. அச்சுக்குப் போகிற நேரத்தில், வசனமெல்லாம் கறுப்பு மையில் மட்டும் இல்லாமல் நான்கு மையிலும் ஏறியிருப்பது தெரிந்து வேலை நின்ற அந்த வாரம் இதை வாசிக்கிற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். மறுபடி அதைக் கிளற மனமில்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறோம்.

அதில் பெரும்பங்கு ஒருவருக்குப் போகிறது. சிவகாசியில் சிடிபி எந்திரத்தில், அதாவது கணினிக் கோப்பிலிருந்து நேராக அச்சுத் தகடு எழுதுகிற எந்திரத்தில், பிளேட் போடுகிற அண்ணாச்சி. பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அண்ணாச்சி என்றே எழுதுகிறோம். எங்கள் குழுவில் யாருக்கும் அவர் முன்பின் பழக்கமில்லை. வந்த பிடிஎஃப்பை எந்திரத்தில் ஓட்டி, பிளேட்டைக் கழுவி, மெஷின்மேனிடம் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. கோப்பில் இருப்பதுதான் பிளேட்டில் வரும், பிழை இருந்தால் அனுப்பியவர் பாடு என்பது தொழிலில் எல்லோரும் ஒத்துக்கொண்ட வழக்கம்.

போதாததற்குக் காலண்டர் சீசன் வேறு. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிற ஊர் அது. ஆர்டர் சேரச் சேர, கார்த்திகை மார்கழியில் மெஷின்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வேண்டும் என்பவர்கள் எல்லோரும் அதே மாதங்களில்தான் போய் நிற்கிறோம். ஆயிரம் பிரதிக்காரனுக்கு அங்கே என்ன இடம் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நெரிசலில், ராத்திரி, ஓடப்போன வேலையை நிறுத்திவிட்டு அவர் போன் போட்டார். “தம்பி, சயான்ல எழுத்து தெரியுது. தெரியக் கூடாதே” என்றார்.

அச்சுத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். அப்போதுதான் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

திரையில் கறுப்பு என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பூஜ்யம். அச்சிலோ சயான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்று நான்கு மை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளேட். திரைக் கறுப்பை அந்த நால்வண்ணத்துக்கு மாற்றினால் மென்பொருள் தானாக ஒரு கலவை போட்டுத் தரும். ஃபோட்டோஷாப்பில் அமைப்பு எதையும் தொடாமல் விட்டால் பெரும்பாலும் வருவது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90. கூட்டினால் 300. அதாவது பலூனுக்குள் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் நான்கு பிளேட்டிலும் ஏறும். நான்கு மையும் ஒரே இடத்தில் பிசகாமல் விழுந்தால்தான் அது எழுத்து. தாள் மெஷினில் ஓடும்போது தண்ணீர் பட்டுக் கொஞ்சம் நீளும். ரெஜிஸ்டர், அதாவது நான்கு மையும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்துவது, 0.1 மில்லிமீட்டர் விலகுவது எந்த நல்ல மெஷினிலும் நடக்கும். முகத்திலும் வானத்திலும் அது கண்ணில் படாது. ஆனால் 9 பாயிண்ட் தமிழ் எழுத்தின் கோடே ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர்தான். அதில் 0.1 போனால் ஒரு ஓரம் நீலமாகவும் மறு ஓரம் செந்நீலமாகவும் பிதுங்கும். ‘ண’வின் சுழி அடையும், மெய்யெழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்ளும், ‘ஞ’ என்னவென்றே தெரியாது. அதுவும் நாங்கள் எடுத்தது மேப்லித்தோ. மையைக் குடிக்கிற தாள். அதன் மேல் 300 சதவீதம் மை போனால் காயாது. அடுக்கி வைத்ததும் மேலே இருக்கிற தாளின் முதுகில் போய் ஒட்டும்.

எழுத்து கறுப்புப் பிளேட்டில் மட்டும், 100 சதவீதம், அடியில் இருக்கிற வண்ணத்தைத் துளைக்காமல் அதன் மேலேயே ஓட வேண்டும். இதுதான் முறை. அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணாச்சி சொன்ன வழி, இனிமேல் பக்கம் அனுப்புகிற எல்லோருக்குமானது: அக்ரோபாட்டில் அவுட்புட் ப்ரிவ்யூவைத் திறந்து கறுப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். பலூன் எல்லாம் காலியாக இருந்தால் நல்லது. ஒரு எழுத்தாவது அழுக்குப் பழுப்பாக மிச்சமிருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பி எடுங்கள்.

எழுத்து தனி லேயரில் இருந்த பக்கங்களில் நிறத்தை மாற்றுவது நிமிஷ வேலை. படத்தோடு எழுத்தும் ஒரே தளமாக ஒட்டிப்போய் வந்தவைதான் சிக்கல். அதற்கும் அவர் போனிலேயே வழி சொன்னார். நால்வண்ணத்துக்கு மாற்றுவதற்கு முன், திரை வண்ணத்தில் இருக்கும்போதே, பலூனுக்குள் இருக்கிற சுத்தக் கறுப்பை மட்டும் தேர்ந்தெடுத்து அந்தத் தேர்வைச் சேமிக்க வேண்டும். பிறகு மாற்ற வேண்டும். சேமித்த தேர்வை எடுத்து சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் துடைத்துக் கறுப்பை 100 ஆக்க வேண்டும். வெள்ளை பலூனுக்கு இது போதும். விவரிப்புப் பெட்டி மஞ்சளாக இருந்தால் அந்த மஞ்சளை எழுத்துக்கடியிலும் அப்படியே விட்டுவைக்க வேண்டும். அதையும் துடைத்தால் ரெஜிஸ்டர் விலகும் இடத்தில் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கீற்று எட்டிப்பார்க்கும். இதையே பக்கம் முழுவதற்கும் செய்துவிடக் கூடாது. ராத்திரிக் காட்சியின் வானத்துக்கு வெறும் கறுப்பு 100 மட்டும் போட்டால் மேப்லித்தோவில் சாம்பல் பூத்துத் தெரியும். அதற்குக் கறுப்போடு சயான் 40 சேர்க்கலாம்.

தொடர்பில் கிடைக்காத ஓர் ஓவியரின் பக்கங்களை அண்ணாச்சியே உட்கார்ந்து சரிசெய்தார். அதற்கு முன்னால் “படத்துல கை வைக்கலாமா?” என்று கேட்டார். பலூனுக்குள் மட்டும் என்று நாங்கள் சொன்ன பிறகுதான் தொட்டார். எங்கள் வரிசை போய்விடாமல் இருக்கச் சின்ன வேலை ஒன்றை முன்னால் தள்ளி ஓட்டினார். பில்லில் பார்த்தால் 24 பிளேட்டுக்கு மட்டும்தான் கணக்கு. ராத்திரி வேலைக்கு ஒரு ரூபாய் சேர்க்கவில்லை.

அந்த 24 எப்படி வந்தது என்பதும் தொகுப்பு போட நினைக்கிறவர்களுக்கு உதவும். கிரவுன் நாலிலொன்று அளவு, அதாவது வெட்டிய பிறகு 7.25க்கு 9.5 அங்குலம். 20க்கு 30 அங்குலத் தாளில் ஒரு புறம் எட்டு பக்கம், திருப்பினால் எட்டு, ஆக ஒரு தாள், அச்சுப் பேச்சில் ஒரு பாரம், 16 பக்கம். 96 பக்கத்துக்கு ஆறு பாரம். வண்ணப் பாரத்துக்கு எட்டு பிளேட், ஒற்றை வண்ணத்துக்கு இரண்டு. இரண்டு பாரம் வண்ணம், நான்கு பாரம் கறுப்பு வெள்ளை என்று வைத்தால் 24. எல்லாமே வண்ணமென்றால் 48. பிளேட் அலுமினியம், ஒரு எழுத்து மாறினாலும் புதிதாகத்தான் போட வேண்டும். கதைகளை எந்த வரிசையில் வைப்பது என்பதையும் இந்தக் கணக்குதான் தீர்மானிக்கும். வண்ணக் கதை 10 பக்கமென்றால் கூட 6 பக்க வண்ணக் கதை ஒன்று கிடைத்தாக வேண்டும். இல்லையென்றால் எட்டு பிளேட் செலவில் கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் ஓடும். கடைசிக் கதையை நடுவில் ஏன் போட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இதில் ஓவியர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்மில் அநேகம் பேர் பகலில் விளம்பரத்துக்கு ஸ்டோரிபோர்டு போடுகிறோம், பாடப்புத்தகத்துக்குப் படம் வரைகிறோம், செயலிகளுக்குப் பொம்மை போடுகிறோம். எல்லாம் திரைக்கான வேலை, திரை வண்ணத்தில். காமிக்ஸ் பக்கத்துக்கு மிச்சமிருப்பது ராத்திரி. ஒரு பக்கமென்றால் முதலில் கட்டைவிரல் அளவில் கட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், பிறகு பென்சில், பிறகு மை, பிறகு எழுத்து. காகிதத்தில் வரைகிறவர்கள் அச்சளவுக்கு ஒன்றரை மடங்கு போடுகிறார்கள். 7.25க்கு 9.5 என்றால் ஏறத்தாழ 11க்கு 14.25, ஏ3 தாளில் அடங்கும். வீட்டில் இருப்பதோ ஏ4 ஸ்கேனர். இரண்டு பாதியாக எடுத்து ஒட்டினால் ஒட்டிய இடத்தில் கட்டத்தின் கோடு ஒரு நூல் வளைந்திருக்கும். மழைக்காலத்தில் ஐவரி தாள் ஈரத்தை வாங்கியிருந்தால் தொட்டெழுதும் நிப்பின் கோடு ஓரத்தில் பரவும். பக்கத்தை முடித்துக் கோப்பாக்கும்போது மணி இரண்டு. அந்த நேரத்தில் யார் பிளேட்டை நினைப்பார்கள்?

ஆகவே ஒரு தொகுப்புக்கு ஒவ்வொரு கையிலிருந்தும் ஒவ்வொரு விதமாகத்தான் பக்கம் வரும். ஒருவர் 1200 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி, தனிக் கறுப்பில் கோட்டோவியம் அனுப்புவார். அதுதான் சரி, பிளேட் எந்திரம் 2400இல் எழுதுவதால் கோடு கத்தி போல விழும். இன்னொருவர் அதையே 300இல் சாம்பல் படமாக அனுப்புவார். அதில் கோட்டின் ஓரத்தில் இருக்கிற மெல்லிய சாம்பல் அச்சில் புள்ளியாக மாறும், கோடு பஞ்சடித்துப் போகும். நிழலுக்குப் புள்ளித்திரை போட்ட பக்கத்தை அளவு சுருக்கினால் கோலம் மாதிரி வேண்டாத கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழுக்கு மட்டுமேயான தொல்லை ஒன்றும் உண்டு. இந்திய எழுத்துக்கான அமைப்பை மாற்றி வைக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும், ‘கெ’ என்பது ‘க’வும் அதற்குப் பின்னால் கொம்புமாகப் பிரிந்துவிடும். பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சரியாகும். எதற்கும் அனுப்புமுன் எழுத்தை அவுட்லைனாக்குவது, அதாவது வெறும் கோட்டுருவமாக மாற்றிவிடுவது, நல்லது.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது, எல்லாக் கதைகளுக்கும் மறுபடி எழுத்து அடுக்கித் தந்த தங்கைக்கு நன்றி. “போய்க்கொண்டிருக்கிறார்கள்” என்ற ஒரு சொல்லே ஒல்லியான பலூனை உடைத்துவிடும் என்று சொல்லிச் சொல்லி வசனத்தைச் செதுக்க வைத்தவர் அவர். பலூனை உயரமாக வரையாதீர்கள், அகலமாக வரையுங்கள், மேலே ‘கி’யின் விசிறிக்கும் கீழே ‘கு’வின் சுழிக்கும் இடம் விட்டு வரி இடைவெளி வையுங்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டவர்களின் பக்கங்கள் எவை என்று புத்தகத்தைப் புரட்டினாலே தெரியும்.

மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்தே சொல்கிறோம். தாள் கடைக்காரர் குறுக்கு நாரில் 20க்கு 30 தாள் தேடிப் பிடித்துத் தந்தார். நார் முதுகுக்கு இணையாக ஓடாவிட்டால் பசை போட்டதும் பக்கம் அலையடிக்கும், புத்தகம் விரியாது. சந்தேகமென்றால் ஒரு தாளைக் கிழித்துப் பார்க்கலாம். நாரோடு கிழித்தால் நேராகப் போகும், எதிராகக் கிழித்தால் கோணும். மடித்து, பாரத்தை வரிசையாக எடுத்து அடுக்கிய பைண்டிங் அக்காமார் ஒரு பாரம் தலைகீழாக இருந்ததைக் கையிலேயே கண்டுபிடித்து எடுத்தார்கள். அட்டையை மை காயும்வரை வைத்திருந்து பிறகு லேமினேஷன் போட்டவர் அவசரப்படுத்திய எங்களைத் திட்டினார். அந்தத் திட்டுக்கும் நன்றி, குமிழி இல்லாத அட்டை அதனால்தான். முன்பதிவுப் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் இருந்தவர்கள், லாரி புக்கிங்கில் பண்டலை நனையாத மூலையில் ஏற்றியவர், கதையைச் சுருக்கச் சொன்னபோது முகம் சுளிக்காத எழுத்தாளர்கள் எல்லோரும் இதில் அடக்கம்.

1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன் காமிக்ஸ் என்று தமிழில் காமிக்ஸ் படித்தவர்களுக்கு சிவகாசி புதிய பெயரல்ல. அந்தப் புத்தகங்களில் வரைந்தவர், மொழிபெயர்த்தவர் யாரென்று தேடித் தேடிப் பேசுகிற நாம், பிளேட்டைக் கழுவியவர், பாரம் மடித்தவர் யாரென்று ஒருமுறையும் கேட்டதில்லை என்பது உறுத்துகிறது. இவர்களின் கை ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

ஆகவே அடுத்த தொகுப்பின் கணக்கில் தாள், பிளேட், பைண்டிங் என்று எழுதுகிற இடத்திலேயே கோப்புப் பார்வை என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கூலியும் இருக்கும். தயவில் நடந்த வேலையை இனிமேலும் தயவில் நடக்கட்டும் என்று விட மாட்டோம். பக்கம் கேட்டு எழுதும்போதே வார்ப்புரு ஒன்றும் அனுப்புவோம்: முதுகு தவிர மற்ற மூன்று ஓரத்திலும் 3 மில்லிமீட்டர் வெட்டுமிச்சம், ஓரத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் வசனம் கூடாது, முதுகுப் பக்கம் 15 விட வேண்டும், எழுத்து தனி லேயரில். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வரைகிறவர்கள் நடுவில் முகம் வைக்காதீர்கள். பைண்டிங்கில் முதுகைச் சுரண்டும்போது மூக்கு போய்விடும்.

படைப்பாளிப் பிரதிகள் எல்லோருக்கும் பார்சலில் போய்விட்டன. பதிப்புரிமை உங்களுடையதே; இந்த ஒரு அச்சுக்கு மட்டும்தான் எங்களுக்கு அனுமதி, இரண்டாம் அச்சென்றால் மறுபடி கேட்போம். ஸ்கேன் செய்யத் தந்த அசல் பக்கங்களை இன்னும் வாங்காதவர்கள் பொங்கல் கழிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையாக, பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் வைத்து வைத்திருக்கிறோம். சுருட்டிக் கொண்டுபோகக் குழாய் கேட்காதீர்கள், தர மாட்டோம், மை உதிரும்.

தொகுப்புக் குழு