பள்ளி விடுமுறையில் எங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு: மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
சனிக்கிழமை உணவுப் பொட்டலம் கட்டும் பெண்கள்,
குடியிருப்புக் குடும்பங்களின் சார்பில்,
செந்தூல், கோலாலம்பூர்.

பெறுநர்:
உயர்திரு சமூகநல அதிகாரி அவர்கள்,
கோலாலம்பூர்.

பொருள்: பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்கு உணவு உதவி வழங்கவும், தேங்கிக் கிடக்கும் உதவித்தொகை விண்ணப்பங்களை முடித்துத் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இதே விஷயமாகத் தங்களுக்கு ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறோம். மலாயில் எழுதிக் கொடுத்தோம். கவுண்டரில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். முத்திரை போட்ட நகல் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, பதில்தான் வரவில்லை. தங்களுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பதால் இந்த முறை தமிழிலேயே எழுதுகிறோம். மனதில் இருப்பதை அப்படியே சொல்ல இதுதான் எங்களுக்குச் சுலபம். பழைய மனுவின் நகலையும் இணைத்திருக்கிறோம்.

எங்கள் இடத்தைத் தங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. ஜாலான் ஈப்போவிலிருந்து உள்ளே திரும்பியதும் தெரியும் புளோக்குகள், கீழே பாலர் பள்ளி, அதற்கு எதிரே தகரக் கூரை போட்ட மண்டபம். வெள்ளம் வந்த நேரத்தில் தாங்கள் வந்து நின்று பேசிய அதே மண்டபம்தான். சனிக்கிழமை உணவு வழங்கியதும் அங்கேதான்.

வழங்கியது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வெளியிலிருந்து சில நல்ல மனிதர்கள் அரிசி மூட்டையோடு வந்தார்கள். 2021-இல் உதவி தேவை என்று காட்ட நாடு முழுக்க வெள்ளைக் கொடி கட்டியபோது எங்கள் புளோக்கிலும் வேட்டித் துணியும் தலையணை உறையும் வராந்தாக் கம்பியில் தொங்கின. அப்போதும் அவர்கள்தான் வந்தார்கள். அப்புறம் அது வாராந்திர வழக்கமாகிவிட்டது. பேக்கரியில் இரவு மிஞ்சும் ரொட்டி, மார்க்கெட்டில் விற்காத காய்கறி, கம்பெனிகள் தரும் டின் சாமான் எல்லாம் வேனில் வரும். நாங்கள் பிரித்து, அழுகியதை எடுத்துவிட்டு, பொட்டலம் கட்டிக் கொடுப்போம். இப்போது வேன் ஓட்டியவர் ஜோகூருக்கு மாறிப் போய்விட்டார். பேக்கரியும் மிச்சம் வராத அளவுக்குத்தான் சுடுகிறது. மாதம் ஒரு முறை வந்தால் பெரிது. அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. சொந்த வேலை, சொந்தக் குடும்பம் இருக்கிறவர்கள் இவ்வளவு காலம் செய்ததே பெரிய காரியம். எங்கள் முறையீடு தங்களிடம்தான்.

எங்கள் குறைகள் பின்வருமாறு:

1. தங்கள் கவுண்டரில் உதவி கேட்டுப் போகும் எங்கள் பெண்களிடம், "உங்கள் இடத்தில்தான் ஃபுட் பேங்க் இருக்கிறதே, அங்கே கேளுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்தச் சொல்லுங்கள்.

2. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் கொடுத்த பிள்ளைகள் உதவித்தொகை விண்ணப்பங்கள் அப்படியே கிடக்கின்றன. கேட்டால் கணவரின் சம்பளச் சீட்டு வேண்டும் என்கிறார்கள். கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாதவரிடம் அவருடைய சம்பளச் சீட்டைக் கேட்டால் எங்கே போவார்? விவாகரத்துப் பத்திரம் கொண்டுவா என்கிறார்கள். அதற்கு வக்கீலும் பணமும் வேண்டும். வீட்டுக்கு வந்து விசாரிப்போம் என்று சொன்ன அலுவலர் இன்னும் வரவில்லை. வந்தால் பக்கத்து வீட்டில் கேட்டாலே போதும், அந்த மனிதர் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள்.

3. எங்களை அதிகம் வாட்டுவது இதுதான், ஐயா. பள்ளி விடுமுறை.

பள்ளி நாட்களில் எங்கள் பிள்ளைகள் பலருக்கு ஆர்.எம்.டி. என்ற கூடுதல் உணவுத் திட்டத்தில் இலவச உணவு கிடைக்கிறது. 1979 முதல் அரசாங்கம் நடத்திவரும் திட்டம். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டோம். மீகூனோ சோறோ, ஒரு முட்டை, ஒரு துண்டுப் பழம். அந்த ஒரு வேளையை நம்பித்தான் பல வீடுகளில் காலையில் அடுப்பு பற்ற வைப்பதில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டால் அந்த உணவும் நின்றுவிடுகிறது. முன்பு சனிக்கிழமைப் பொட்டலம் அந்த நாட்களை ஓரளவு தாங்கியது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்களுக்கு உதவ வருகிறவர்களில் பலர் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள். பள்ளி விடுமுறை விட்டால் அவர்களும் ஊருக்குப் போகிறார்கள், போகத்தானே வேண்டும்? ஆக பள்ளிச் சாப்பாடு நிற்கிற அதே வாரத்தில்தான் பொட்டலமும் நிற்கிறது. தன்னார்வலர்களை நம்பிப் பிள்ளைகளை விட்டால் இப்படித்தான் ஆகும் என்று எங்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தங்கள் அலுவலகத்துக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

எட்டாவது மாடியில் ஒரு பாட்டி மூன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். தாய் இரவில் அலுவலகக் கட்டடம் கழுவும் வேலைக்குப் போகிறார். கடந்த விடுமுறையில் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தோம். பத்து மணி தாண்டியும் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சன்னலில் பழைய கைலியைக் கட்டி வெளிச்சத்தை மறைத்து வைத்திருந்தார் பாட்டி. சோம்பேறிப் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டிதான் எழுப்புவதில்லை. சீக்கிரம் எழுந்தால் பசியாற என்ன கொடுப்பது? பதினொரு மணிக்கு எழுந்தால் பசியாறலையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கிவிடலாம். இரண்டு மேகி பாக்கெட்டை மூன்று பிள்ளைகளுக்குத் தண்ணீர் கூட்டி வேக வைக்கிறார். மசாலாத் தூளில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு இன்னொன்றை இரவுச் சோற்றுக்கு என்று மடித்து வைக்கிறார். கடைசிப் பையனுக்கு ஐந்து வயது. கெட்டிப் பாலைச் சுடுநீரில் கரைத்துக் கொடுக்கிறார், அதைத்தான் பால் என்று குடிக்கிறான். இதை எங்களிடம் சொல்லவே அவர் கூச்சப்பட்டார். பள்ளி டீச்சரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

இது ஒரு வீட்டின் கதை மட்டும் இல்லை. 2018-இல் யூனிசெஃப் இதே கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா மலிவு விலை அடுக்குமாடிகளில் ஆய்வு செய்து அறிக்கை வெளியிட்டது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை, 15 விழுக்காட்டினர் எடை குறைவு என்று அதில் இருக்கிறது. நாட்டின் தலைநகரத்தில், இரட்டைக் கோபுரம் தெரிகிற மாடிகளில் வளரும் பிள்ளைகள் இவர்கள். ஐந்து வயதுக்குள் வளராத உயரத்தைப் பிறகு எத்தனை ஹேம்பர் (அன்பளிப்புக் கூடை) கொடுத்தாலும் திருப்பித் தர முடியுமா? அந்த அறிக்கை தங்கள் மேசைக்கும் வந்திருக்கும். எட்டாவது மாடிப் பையனின் பக்கத்தில் நம் வீட்டு ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றை நிறுத்திப் பாருங்கள், அறிக்கையே தேவைப்படாது.

அத்தியாவசியப் பொருள் வாங்க அரசாங்கம் தரும் சாரா உதவி வருகிறதே என்பீர்கள். வருகிற வீடுகளுக்கு அது உண்மையிலேயே உதவிதான். மாதாமாதம் ஒரு தொகை மைகார்டில் (அடையாள அட்டையில்) ஏறுகிறது. உள்ளூர் அரிசி 10 கிலோ 26 வெள்ளி (ரிங்கிட்), அதுவும் கடையில் இருந்தால். முட்டை, எண்ணெய், மாவு வாங்கினால் முடிந்தது. பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் இருக்கும் மாதத்தில் அது எத்தனை நாளைக்கு வரும்? 124 வெள்ளி வாடகையில்தானே இருக்கிறார்கள், இன்னும் என்ன கேட்கிறார்கள் என்று சிலர் பேசுவதும் எங்கள் காதில் விழுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2022 கணக்கின்படி நாட்டின் சராசரி வறுமைக் கோடு 2,589 வெள்ளி. ஒருவர் மட்டும் வேலைக்குப் போகும் வீடு எங்கே நிற்கிறது என்று தாங்களே கழித்துப் பாருங்கள்.

ஐயா, பள்ளி விடுமுறை என்பது திடீரென்று வரும் வெள்ளம் இல்லை. தேதி முன்கூட்டியே தெரியும். ஆர்.எம்.டி. பெறும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறது. அந்தப் பட்டியலை வாங்கி, விடுமுறை நாட்களுக்கு மட்டும் அரிசி, முட்டை, பால் மாவு கொடுக்க வழி செய்யுங்கள். இதற்குக் கமிட்டி போட வேண்டியதில்லை, புதுச் சட்டமும் தேவையில்லை.

4. சட்டம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறோம். 2014 ஜூலையில் புக்கிட் பிந்தாங்கில் லாட் 10 பேரங்காடியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் யாரும் இலவச உணவு வழங்கக் கூடாது என்று அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தார். வீடில்லாதவர்களுக்கு இரவில் சோறு கொடுத்துக்கொண்டிருந்தவர்களைத் தொல்லை என்றார்கள். நான்கே ஆண்டில், 2018-இல், அரசாங்கமே ஃபுட் பேங்க் திட்டம் தொடங்கியது. உணவு கொடுப்பவர்கள் மேல் வழக்கு வந்துவிடாமல் காக்க 2020-இல் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நல்லதுதான். கொடுக்கும்போது உணவு நன்றாக இருந்தால் கொடுத்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வாங்குகிற எங்களுக்கு என்ன உண்டு? வருகிற சனிக்கிழமை வேன் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது? யாரிடமும் இல்லை. கொடுத்தால் கும்பிட வேண்டும், கொடுக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு மேலே ஏற வேண்டும். முதலில் தன்னார்வலர்களை விரட்டினார்கள், பிறகு தட்டிக் கொடுத்தார்கள், இப்போது மொத்தப் பாரத்தையும் அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு அலுவலகம் நிம்மதியாக இருக்கிறது.

5. படம் பிடிப்பது. தேர்தல் நெருங்கினால் எங்கள் மண்டபத்துக்கு ஹேம்பர் வருகிறது, பேனர் வருகிறது, ஒய்.பி.க்கள் (மக்கள் பிரதிநிதிகள்) வருகிறார்கள். அரிசிப் பையை ஒரு பக்கம் அவர் பிடிக்க, மறுபக்கம் எங்கள் அம்மாக்கள் பிடிக்க, கேமரா பக்கம் திரும்பச் சொல்கிறார்கள். தாய்மார்கள் பிள்ளை முகத்தை முந்தானையால் மூடிக்கொள்கிறார்கள். பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள் வரிசைக்கே வர மறுக்கிறார்கள், பள்ளியில் ஃபோனில் காட்டிக் கேலி செய்கிறார்களாம். அரசாங்க உதவி வழங்கும்போதாவது படம் எடுக்கக் கூடாது என்று தங்கள் அலுவலகம் ஓர் உத்தரவு போடலாம். ஜாலான் ராஜா அலாங்கில் உள்ள சீக்கியர் கோவிலான குருத்துவாராவில் போய் உட்கார்ந்தால் யார், என்ன என்று கேட்காமல் தட்டில் சோறு வைக்கிறார்கள். கோவில் அன்னதானத்திலும் அப்படித்தான். யாரும் மைகார்டும் கேட்பதில்லை, முகத்தைக் காட்டச் சொல்வதும் இல்லை.

6. விண்ணப்பங்கள். இரண்டாவது அம்சத்தில் சொன்னதுதான், மீண்டும் சொல்கிறோம், தயவுசெய்து முடித்துக் கொடுங்கள்.

ஐயா, வரிசைப்படுத்தி எழுத உட்கார்ந்தோம், எங்கெங்கோ போய்விட்டது. கோபமாக எழுதியிருக்கிறோம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பணிவாக எழுதிய மனுக்கள் என்ன ஆயின என்று தங்களுக்கே தெரியும். தங்களிடம் ஆள் பற்றாக்குறை என்பதும், ஓர் அலுவலர் தலையில் நூற்றுக்கணக்கில் கோப்புகள் கிடப்பதும் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதை எட்டாவது மாடியில் போய் எப்படிச் சொல்வது?

ஆகவே தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறோம். வருகிற நீண்ட விடுமுறை தொடங்கும் முன் பிள்ளைகளுக்கான உணவு உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். இது தங்கள் அதிகாரத்தில் இல்லை என்றால் யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்று பெயரும் பதவியும் போட்டு எழுத்தில் கொடுங்கள், அங்கே போகிறோம். விசாரணைக்கு ஓர் அலுவலரை அனுப்புங்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தால் எல்லாத் தாய்மார்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். பத்திரங்களை வரிசையாக எடுத்து வைக்கிறோம், நாற்காலி மேசை போட்டுத் தருகிறோம். எட்டாவது மாடிக்கும் நாங்களே அழைத்துப் போகிறோம். முடிந்தால் தாங்களே நேரில் வாருங்கள்.

இந்த மனுவுக்கு, தேதி குறிப்பிட்ட எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சனிக்கிழமை உணவுப் பொட்டலம் கட்டும் பெண்கள்,
செந்தூல், கோலாலம்பூர்.

இணைப்பு: முந்தைய மலாய் மனுவின் நகல், குடும்பத் தலைவிகளின் கையொப்பத் தாள், தேங்கியுள்ள விண்ணப்பங்களின் ரசீது நகல்கள்.