பால் பத்தலையா, பார்த்தது பத்தலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்ப்பால் வாரத்தையொட்டி வந்த கட்டுரையைப் படித்தேன். தாய்ப்பாலின் பெருமை எல்லாம் சரி. ஆனால், இந்தக் காலத்துப் பெண்கள் அழகு கெட்டுவிடும் என்று பயந்து பவுடர் பாலுக்குப் போகிறார்கள் என்று எழுதியிருந்தது உறுத்தியது. பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அப்படிச் சொன்ன ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை. “பால் பத்தலையே சிஸ்டர்” என்று அழுதவர்கள்தான் அதிகம்.

எந்தப் பால் என்பதைப் பல வீடுகளில் தாய் முடிவு செய்வதே இல்லை. பிரசவமான இரண்டு மூன்று நாளில் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் சிசேரியன். தையல் வலியோடு கிடப்பவளுக்கு, ஒருக்களித்துப் படுத்தபடி பிள்ளையை எப்படி அணைப்பது என்று ஒருவர் கூட இருந்து காட்ட வேண்டும். பால் நிறைந்து வர இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகலாம். அதுவரை ஊறுவது சீம்பால். கொஞ்சம்தான் வரும், பெரும்பாலான பிள்ளைகளின் வயிற்றுக்கு அதுவே போதும். ஆனால் பிள்ளை இரண்டு தடவை வீரிட்டால் மாமியார் பவுடர் டப்பா வாங்க ஆளை அனுப்பிவிடுவார். பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்கும் சேனை வழக்கம் என்று பாட்டி சர்க்கரைத் தண்ணீரோடு வந்து நிற்பார். வயிறு நிரம்பிய பிள்ளை சப்பாது. சப்பாவிட்டால் சுரப்பும் குறையும். அப்புறம் அவளுக்குப் பாலே இல்லை என்று ஒரு பேச்சு.

அழுகையை மட்டும் வைத்துப் பால் போதுமா என்று கணக்குப் போட முடியாது. ஐந்து நாளுக்குப் பிறகு தினம் ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட்டதா என்று பாருங்கள். முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்புதான். அதைக் கேட்டு வீடே பதறும்!

பவுடர் பாலின் இலவச மாதிரி டப்பாவைத் தாய்க்குக் கொடுக்கக் கூடாது, டப்பாவில் குழந்தை படம் போடக் கூடாது என்று 1992லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியும் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், காரணமே இல்லாமல், பவுடரின் பெயரை எழுதிக் கொடுத்த இடங்களை எனக்குத் தெரியும்.

அதற்காகப் பவுடர் பால் விஷமல்ல. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் தாய், உண்மையிலேயே சுரப்பு குறைந்தவர் என்று அது தேவைப்படுகிறவர்கள் உண்டு. ஊர்ப்பேச்சுக்குப் பயந்து ஒளித்து வைத்துக் கலக்குகிறவர்கள் யாரிடமும் அளவு கேட்பதில்லை. டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று தண்ணீரைக் கூட்டிவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. டப்பாவில் போட்டிருக்கும் அளவு மாறக் கூடாது. புட்டியைவிடப் பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) நல்லது, கழுவுவதும் சுலபம்.

அடுத்த வருடம் கட்டுரை போடும்போது, பிள்ளையை மார்பில் எப்படிப் பிடிப்பது என்று ஒரு படமும் போடுங்கள். மாமியார்கள் கண்ணாடி இல்லாமலே பார்க்கிற மாதிரி, கொஞ்சம் பெரிதாக.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை